பதினெட்டாம் கல்லுக்கு இருபது நிமிஷம்

என் வீட்டுக்காரர் ஆசைத்தம்பி ஓட்டிய பஸ்ஸில் வேகம் காட்டும் முள் செத்து வெகு காலம் ஆகியிருந்தது. கண்ணாடிக்குள் பூஜ்யத்தின் மேல் படுத்தே கிடக்கும். முதலாளியிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "ஒனக்கு எதுக்குய்யா முள்ளு? ஒங்கப்பன் ரசமட்டம் வச்சுப் பார்த்தா உத்தரம் ஏத்தினாரு?" என்றார் முதலாளி.

என் மாமனார் தச்சாசாரி. காரைக்குடியில் நாலைந்து பெரிய வீடுகளில் அவர் வைத்த நிலைக்கதவுகள் இன்றும் நிற்கின்றன. மகன் உளியைத் தொடவில்லை. பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறி, அடி வாங்கி, ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, 1960இல் பஸ் டிரைவர் ஆனார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் ஹாரன் அடிக்கக்கூட மாட்டார், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். பின்னால் இருப்பவர்கள்தான் கத்துவார்கள்.

முள் இல்லாத குறைக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குவார். அடுத்த கல் வரும்போது நூறு வந்திருந்தால் வண்டி மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நூறுக்கு முன்னாலேயே கல் வந்துவிட்டால் காலைத் தளர்த்துவார். கல்யாணமான புதிதில் அவர் உதடு அசைவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கேட்கவும் கூச்சம். ஒருநாள் அவரே சொன்னார்.

"ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வினாடி. ஒரு கல்லுக்கு நூறு வினாடின்னா எத்தனை கல்லு போகலாம்? முப்பத்தாறு. அவ்வளவுதான் கணக்கு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தலையாட்டி வைத்தேன். அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரப்போகிறது என்று அப்போது தெரியாது.

1968 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. நான் வாடிக்கையாகப் பூ கட்டிக் கொடுக்கும் குமரப்பச் செட்டியார் வீட்டில் அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு கண்டரமாணிக்கத்தில். பத்து மணிக்கு மேல் முகூர்த்தம். மாப்பிள்ளையும் ஆண்களும் கார்களில் ஏழு மணிக்கே போய்விட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ் பின்னாலேயே போகவேண்டும். ஏழரைக்கு ராகு காலம் பிறக்குமுன் வாசலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

டயர் பஞ்சராகி பஸ் வந்து சேரும்போது எட்டு மணி.

"இனி ஒன்பதுக்கு மேலதான்" என்று நடு முற்றமான வளவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் விசாலம் ஆச்சி. குமரப்பச் செட்டியாரின் மனைவி. "ராகு காலத்துல என் காலு இந்த வாசப்படியைத் தாண்டாது."

"தாண்டலைன்னா முகூர்த்தம் தாண்டிரும்" என்றார் செட்டியார்.

"முறைக்கு நிக்கிற பொம்பளைக நாங்க இல்லாம அங்குட்டு எப்படித் தாலி கட்டுவாக? காத்திருக்கட்டும்."

மற்ற பெண்களும் ஆச்சி பக்கம். பெண்களைக் கூட்டிவரும் பொறுப்பை ஏற்றுப் பின்தங்கிய ஒரே பெரிய மனிதர் செட்டியார்தான். வளவுக்கும் முகப்புக்கும் நடந்தார். மடியிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் ஒரு தூணடியில் உட்கார்ந்து கட்டாமல் மிச்சமிருந்த மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்க்காத இடத்தில்தான் எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

பெண்கள் காப்பி குடிக்க இரண்டாம் கட்டுக்குப் போன நேரம். செட்டியார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். சாவி கொடுக்கிறார் என்று நினைத்தேன். டங் என்று ஒரு தடவை அடித்தது. எட்டரை. இறங்கித் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். நான் குனிந்து பூவைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒன்பது அடித்தது. வீடு முழுக்கக் கேட்டது. ஆச்சி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "ஏறுங்கடி எல்லாரும்!" எட்டரை அடித்த பிறகு என் மடியில் மூன்று முழம்தான் ஆகியிருந்தது. பூ ஈரம், அதனால்தான் கை ஓடவில்லை என்று எண்ணிக்கொண்டு நானும் கூடையோடு ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

வழியில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தச் சொன்னார் செட்டியார். அவர்கள் வீட்டு வண்டி அங்கே ஒரு சிதறுகாய் உடைக்காமல் போகாது. அன்றைக்கு அவர் ஒன்று உடைத்துவிட்டு நிற்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று ஒன்பது காய் உடைத்தார். பிள்ளைகள் சில்லுப் பொறுக்கி ஓடினார்கள். ஆச்சி சுற்றி வந்தார். சூடம் காட்டித் திருநீறு வாங்கி எல்லாரும் திரும்பி ஏறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பிறகு கண்மாய்க் கரை வளைவு வந்தது. காரைக்குடியிலிருந்து பதினெட்டாவது கல். கரையின் மறைவிலிருந்து ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு ரோட்டில் இறங்கினார். பிரேக் சத்தம் கேட்டது. பெண்கள் முன்னால் சரிந்தார்கள். மடியிலிருந்த என் கூடை மடியிலேயே இருந்தது. ஆனால் வெளியே ஒரு அலறல். அதே நேரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. புல் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து குதித்து ஓடி, அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அடிபட்டவர் பெயர் கருத்தையா. பக்கத்து ஊர்க்காரர். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது.

கண்டரமாணிக்கத்திலிருந்து கார்கள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போயின. அந்தக் களேபரத்தில் யாரும் மணி பார்க்கவில்லை. தாலி கட்டியாயிற்று என்று பிறகு கேள்விப்பட்டோம். நாங்கள் அந்த நேரம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தோம்.

லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி, "கேஸ் முடியட்டும், பார்ப்போம்" என்றார். போலீஸ் எழுதிய கணக்கு எளிமையானது. பஸ் கிளம்பியது ஒன்பது மணி. பஸ்ஸில் வந்த பெண்கள் அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். கடிகாரம் அடித்ததைக் காதால் கேட்டவர்கள். அடிபட்டது ஒன்பது இருபது. பள்ளிக்கூட முதல் மணி அது, வாத்தியார் தன் கையால் அடித்தது. தூரம் பதினெட்டு கிலோமீட்டர். இருபது நிமிஷத்தில் பதினெட்டு என்றால் மணிக்கு ஐம்பத்து நாலு. ஆள் நிரம்பிய பழைய பஸ்ஸை, பஞ்சரில் போன நேரத்தைப் பிடிக்க, டிரைவர் கண்மண் தெரியாமல் விரட்டினார். இதுதான் கேஸ்.

"நீ எத்தனை மணிக்கு எடுத்தே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது என் வீட்டுக்காரரும் ஒன்பது என்றுதான் சொன்னார். வாசலில் நின்ற அவருக்கும் அந்த மணிச் சத்தம் கேட்டதே.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கை நனைக்காமல் அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"நான் நூறு எண்ணினேன் சொர்ணம். ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணினேன். நூறுதான் வந்துச்சு."

"அப்போ அவுக சொல்றது பொய்யில்லையா?"

"பொய்யின்னா யாரு பொய் சொல்றது? மணி அடிச்சது நெசம். பள்ளிக்கூட மணி நெசம். கல்லு அங்கனயே நிக்கிது. மூணும் நெசம்னா நான்தானே பொய்?"

அதற்குப் பிறகு அவருடைய எண்ணிக்கை மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டீக்கடைக்காரரின் கைக்கடிகாரத்தை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நூறு எண்ணுவார். கண்ணைத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும். சந்தோஷப்பட மாட்டார், முகம் இன்னும் கறுத்துப்போகும். "நின்னுக்கிட்டு எண்ணுறது வேற. ஓட்டிக்கிட்டு எண்ணுறது வேறயோ என்னமோ."

கடைக்காரர் சிரிப்பார். "என்ன டிரைவரே, கடையையும் ஓட்டுறீகளா? எத்தனைல போகுது?"

அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

பிள்ளையார் கோயிலில் நின்றதை வக்கீலிடம் சொல்லவேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். பதறிவிட்டார். "மூச்சு விடாதே. நின்ன நேரத்தைக் கழிச்சா ஓட்டுன நேரம் கொறையும். நேரம் கொறைஞ்சா வேகம் கூடும். அம்பத்து நாலுக்கே இந்தப் பாடு." போலீஸும் எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டதே தவிர, நின்றீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்குக் கஷ்டமில்லாத வேலை.

கேஸ் திருப்பத்தூர் கோர்ட்டில். வக்கீல் இராமநாதன் நல்ல மனிதர், ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டிவிட்டார். "அடுத்த வாய்தாவுல செட்டியார் சாட்சி சொல்லப்போறாரு. அவரு சொல்லைத் தட்ட எனக்கு வழியில்லை. அதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லாம அபராதத்தோட போகலாம்."

"லைசென்சு?"

"அதை மறந்துர வேண்டியதுதான் ஆசைத்தம்பி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கல் வந்தது, போனது. உதடு அசையவில்லை. வீட்டு வாசலில் சொன்னார். "ஒத்துக்கிறலாம்னு பார்க்குறேன். நான் வேகமாத்தான் போயிருக்கேன். கணக்கு பொய் சொல்லாது."

செய்ததை ஒத்துக்கொள்ளும் ஆளைப் பார்த்திருக்கிறேன். செய்யாததை, செய்தோம் என்று நம்பிக்கொண்டு ஒத்துக்கொள்ளப்போகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை செட்டியார் வீட்டு வளவில் அதே தூணடியில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஒரு விசேஷம். கடிகாரம் ஏழரை அடித்தது. பிறகு எட்டு அடித்தது. மடியைப் பார்த்தேன். ஆறு முழம் இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், அரை மணிக்கு ஆறு முழம். ஈரப் பூ என்றால் ஐந்து. ஐந்துக்குக் கீழே போனதில்லை.

கல்யாணத்தன்றைக்கு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூன்றுதான்.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே அந்த முக்காலி இருந்தது. சாவி கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. இத்தனை வருஷம் வந்துபோகும் எனக்கு அது தெரியும். கல்யாணத்தன்றைக்குத் திங்கட்கிழமை.

"என்ன சொர்ணம், மேல என்ன பார்க்குறே?"

செட்டியார் முகப்பிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். எத்தனையோ கேட்கவேண்டும்.

"மணி பார்த்தேன் ஐயா."

"பார்த்தாச்சுல்ல?"

நான் முக்காலியைப் பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் அவரைப் பார்த்தேன். அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறியது. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றுமே இல்லை.

"எங்க வீட்டுக் கடிகாரம் தப்பா அடிச்சதில்லை" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார். "இந்தா பாரு. புதுசா ஒரு பொண்ணு இந்த வீட்டுக்கு வந்திருக்கா. அவ கல்யாணத்துக்குப் போன வண்டி கெட்ட நேரத்துல கெளம்புச்சுன்னு ஒரு பேச்சு வந்தா, நாளைக்கு இந்த வீட்டுல ஒரு பசுமாடு செத்தாலும் அவ தலையிலதான் விழும். புரியுதா? ஒன் புருசனுக்கு வேற வண்டி கெடைக்கும். அந்தப் பிள்ளைக்கு வேற வீடு கெடைக்காது."

புதுப்பெண் தேனம்மை அப்போது இரண்டாம் கட்டு வாசலில் செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. செட்டியார் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பூவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஏறித் திருப்பத்தூர் போனேன். தனியாக நான் போன முதல் வெளியூர்ப் பயணம் அது. வக்கீல் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். அவர் மனைவி பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

முக்காலி விஷயத்தைச் சொன்னேன். மூன்று முழத்தையும் சொன்னேன். இராமநாதன் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்றது நெசம்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா நீ பெஞ்சாதி. நீ கூண்டுல ஏறிச் சொன்னா, புருசனைக் காப்பாத்தச் சொல்றேன்னு ஒரே வரியில தள்ளிருவாக. செட்டியார் வாயால வரணும். எப்படி வரும்?"

அவர் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வேற எதாச்சும் நடந்துச்சா? கிளம்புனதுலேர்ந்து அடிபட்ட வரைக்கும் சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளையார் கோயில் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் விடவில்லை. "என்னம்மா? அங்க என்ன?"

மூச்சு விடாதே என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் நாளைக்கு ஒத்துக்கொள்ளப்போகிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நின்னோம் ஐயா. ஒன்பது காய் உடைச்சாக. கால் மணி நேரம் ஆச்சு. இதைச் சொன்னா வேகம் கூடிரும்னு அவுக சொல்லக்கூடாதுன்னாக."

வக்கீல் கிடந்த காகிதத்தில் எதையோ போட்டார். மறுபடி போட்டார். பிறகு மனைவியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். நான் பயந்துபோனேன்.

"கூடத்தாம்மா கூடும். நல்லாக் கூடட்டும்" என்றார். "ஒன் புருசன் கிட்டப் போய்ச் சொல்லு, எதையும் ஒத்துக்கிற வேணாம்னு. ஏன்னு கேட்டா வக்கீல் சொன்னாருன்னு சொல்லு."

வாய்தா அன்று கோர்ட்டில் கூட்டம். கல்யாண பஸ் கேஸ் என்று அதற்குப் பெயரே விழுந்திருந்தது. சாட்சிக்கு வந்த பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். விசாலம் ஆச்சிக்குத் துணையாகத் தேனம்மையும் வந்திருந்தாள். நான் ஒரு ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன். உள்ளே என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். கட்டையை ஊன்றிக் கருத்தையா ஒரு மூலையில் இருந்தார். செட்டியார் கூண்டில் ஏறினார்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்தபின் இராமநாதன் வக்கீல் எழுந்தார்.

"வண்டி கெளம்புனப்ப மணி என்னங்க ஐயா?"

"ஒன்பது."

"நல்லாத் தெரியுமா?"

"கடிகாரம் அடிச்சது. வீடு பூராக் கேட்டுச்சு."

"வழியில எங்கயும் நின்னீகளா?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி வக்கீலைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"பிள்ளையார் கோயில்ல" என்றார் செட்டியார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? காய் உடைக்கத்தான். எங்க வீட்டு வண்டி அந்தப் பிள்ளையாரைத் தாண்டிச் சும்மா போனதில்லை. எங்க ஐயா காலத்துல மாட்டு வண்டியே நிக்கும்."

"எத்தனை காய்?"

"ஒன்பது."

"வழக்கமே ஒன்பதுதானா?"

செட்டியார் துண்டைத் தேடினார். "வழக்கம் ஒண்ணு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேவகர் அதட்டினார்.

"அன்னைக்கு ஏன் ஒன்பதுன்னு நான் கேக்கலை" என்றார் வக்கீல். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி இருக்கும்."

"கொஞ்சம் கூடக் கொறைய இருக்குமோ? அஞ்சு நிமிஷம்?"

செட்டியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷத்துல எப்படிய்யா ஒன்பது காய் உடைச்சு, சூடம் காட்டி, இத்தனை பொம்பளையும் பிள்ளையும் சுத்தி வந்து ஏறும்? கால் மணிக்குக் கொறையாது. பிள்ளையார் காரியத்தை நான் அவசரமாச் செய்யிறதில்லை."

வக்கீல் மாஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பினார். "ஒன்பதுக்குக் கெளம்பி ஒன்பது இருபதுக்கு அடிபட்டது. இருபது நிமிஷம். அதுல கால் மணி கோயில்ல. ஓடுனது அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல பதினெட்டு கிலோமீட்டர். மணிக்கு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். இருநூத்திப் பதினாறு. மேட்டுல ஆளை எறக்கிவிட்டுத் தள்ளச் சொல்ற வண்டி அது."

"பஸ்ஸா, ஏரோப்ளேனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் குனிந்து காகிதத்தில் தானும் போட்டுப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணும்" என்றார் வக்கீல், குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு, ஒன்பது மணிங்கிறது தப்பு. இல்லைன்னா பிள்ளையார் கோயில்ல நின்னதே பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

சிரிப்பு அடங்கிவிட்டது. செட்டியார் கூண்டுக் கம்பியைப் பிடித்தார். கண் ஜன்னல் வழியாக வராந்தாவுக்கு வந்தது. என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எனக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தேனம்மையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணியிருப்பார்.

"பிள்ளையாரை வச்சுப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "மணிதான் தப்பு. நான்தான் முள்ளைத் தள்ளி வச்சேன். இருபத்தஞ்சு நிமிஷம். சாயங்காலம் வந்து திரும்பச் சரி பண்ணிட்டேன்."

"அப்படின்னா நெசமா கெளம்புனது?"

"எட்டு முப்பத்தஞ்சு. என் மடிக்கடிகாரத்துல பார்த்துக்கிட்டுத்தான் ஏறினேன்."

வராந்தாவில் சலசலப்பு எழுந்தது. "ராகு காலத்துலயா எங்களை ஏத்துனாரு?" "அதான் ஆளை அடிச்சிருக்கு." "நல்ல நேரத்துலதான் இந்த வீட்டுக்கு ஒருத்தி வந்தா." கடைசியாகச் சொன்னது யாரென்று தெரியவில்லை. தேனம்மையின் தோள் குலுங்கத் தொடங்கியது. செட்டியார் பயந்தது இதற்குத்தான்.

விசாலம் ஆச்சி எழுந்துவிட்டார். கோர்ட் என்பதையும் மறந்துவிட்டார்.

"எவடி அவ? வந்தவளை ஏன் இழுக்குறீக? அவ அந்த நேரம் கண்டரமாணிக்கத்துல அலங்காரத்துக்கு உக்காந்திருந்தா. கடிகாரத்தைத் தொட்டது இந்த மனுசன் கையி. பேசணும்னா அந்தக் கையைப் பேசுங்க. நானும் வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்."

சேவகர் ஓடிவந்து உட்காரச் சொன்னார். ஆச்சி தேனம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்த செட்டியாரின் முகத்தைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஒன்பது காயி!" அந்த வீட்டில் செட்டியார் அதற்குப் பிறகு எதில் வாய் திறந்தாலும் அந்த ஒன்பது காய் வந்து விழும். தேனம்மையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆச்சி விடவில்லை.

அன்று மத்தியானம் கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் எங்களைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். எட்டு முப்பத்தைந்திலிருந்து ஒன்பது இருபது வரை நாற்பத்தைந்து நிமிஷம். கோயிலில் நின்ற கால் மணியைக் கழித்தால் முப்பது. முப்பது நிமிஷத்தில் பதினெட்டு கிலோமீட்டர்.

"மணிக்கு முப்பத்தாறு" என்றார் வக்கீல். "வழி பூரா சராசரிக்கு இது. வளைவுல எத்தனைன்னு இது சொல்லாது. ஆனா போலீஸ் கேஸ் முழுக்க அம்பத்து நாலு மேலதான் நின்னுச்சு. இனி நிக்காது."

என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கினார். முப்பத்தாறு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூறு எண்ணினேன் சொர்ணம்" என்றார். "சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதம் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. லைசென்ஸ் கைக்கு வந்தது. முதலாளி மறுபடி கூப்பிட்டார்.

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் கருத்தையா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கருத்தையா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எலும்பு கூடியிருந்தது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது.

"என்ன டிரைவரே, ஜெயிச்சுட்டீகளாமே" என்றார்.

"முப்பத்தாறுதான்னு கணக்கு வந்துருச்சு அண்ணே."

"முப்பத்தாறோ அம்பத்து நாலோ, என் காலுக்குத் தெரியுமாய்யா?"

அதற்குப் பிறகு கண்மாய்க் கரைக்கு முந்தின கல்லிலிருந்து என் வீட்டுக்காரருடைய கணக்கு மாறிவிட்டது. மற்றக் கல்லுக்கெல்லாம் நூறு. அந்த ஒரு கல்லுக்கு மட்டும் முந்நூறு. பஸ்ஸில் இருப்பவர்கள் கத்துவார்கள். "டீசல் தீர்ந்துருச்சா?" "நாங்க எறங்கித் தள்ளவா?" அவர் காதில் விழாது. உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

பத்து வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறார். போன மாதம் நான் அந்த பஸ்ஸில் போனேன். கரை மேல் கம்பை ஊன்றி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருத்தையா, பஸ் ஊர்ந்து வருவதைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்.

"ஏய் டிரைவரு! சீக்கிரம் போய்யா. என் ஆடு ஒன்னையத் தாண்டிப் போகுது!"

இவர் சிரித்தார். சிரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்க வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.